புளியமரத்தைத் தாண்டி ஓடியவள்

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் அது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சென்னியம்மாளுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் மாமியார் ஆத்தாயி. ஊர் தலையாட்டியது. புருஷன் நாச்சிமுத்து வாயே திறக்கவில்லை. அதுவும் தலையாட்டிய மாதிரிதான்.

அவளுடைய ஏழு மாதப் பெண் குழந்தை மாந்த நோய் கண்டு இரண்டே நாளில் போய்விட்டது. காத்துக் கருப்பு அண்டிவிடும் என்று அன்றிலிருந்து எட்டு மாதமாகச் சென்னியம்மாளைப் படி தாண்ட விடவில்லை. காட்டு வேலைக்கும் இல்லை, கிணற்றுக்கும் இல்லை. பிறந்த வீட்டில் நாளெல்லாம் ஆட்டுக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவள், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, அழுகைகூட வரவில்லை. நல்ல மாட்டை எட்டு மாதம் அவிழ்க்காமல் கட்டிப்போட்டால் அதுவும்தான் முட்ட வரும். இது மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் மறந்துபோகும்.

அமாவாசை அன்று உச்சி வேளையில் பூசாரி கைலாசம் உடுக்கையோடு வந்தார். எவ்வளவு கேட்டும் அவள் பேசாததால், "ஊமைப் பேயி" என்று சொல்லிவிட்டு, முறைப்படி ஒரு கல்லை அவள் தலையில் ஏற்றினார். பேய் பிடித்தவள் கல்லைச் சுமந்துகொண்டு ஊர் எல்லைப் புளியமரம் வரை ஓட வேண்டும். அங்கே கல்லைப் போட்டால் பேய் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சென்னியம்மாள் ஓடினாள். முதலில் கால் பின்னியது. பிறகு வேர்த்தது. மூச்சு வாங்க வாங்க நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த எதுவோ அசைந்தது. எட்டு மாதமாக வராத அழுகை வந்தது. பிள்ளை பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். புளியமரம் வந்தது. பின்னால் ஓடிவந்த பூசாரி, "போடு" என்றார். அவள் போடவில்லை. மரத்தைத் தாண்டி, ஏரிக்கரையைச் சுற்றி, கல்லோடு வீட்டுக்கே வந்துசேர்ந்தாள். பூசாரி விலாவைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, சோறு போடுங்க" என்றாள். மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, விடியும் வரை அசையாமல் தூங்கினாள். பேய் போய்விட்டதென்று ஆத்தாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடிந்ததும் மருமகள் மறுபடி கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்கு மறுநாளும் தூக்கியபோது ஆத்தாயி வாசலை மறித்தாள்.

"பேயிதான் போயிருச்சே, அப்பறம் எதுக்குக் கல்லு?"

"பேயே வரலீங்க அத்தை. ஊட்டுக்குள்ளயே போட்டு வெச்சீங்க, நெஞ்சு அடைச்சுப்போச்சு. புள்ளை போன வலி இன்னும் அப்படியேதான் இருக்குதுங்க. ஆனா ஓடிட்டு வந்தா சோறு எறங்குது, கண்ணு அசருது."

"ஒடம்பு நோவோணும்னா போயிக் களை வெட்டு. வெட்டியா எதுக்கு ஓடறே?"

"களையும் வெட்டறேனுங்க. அது ஊட்டுக்கு. இது எனக்கு."

"பூசாரியத் திரும்பக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. இந்தத் தடவ கல்ல அவரு தலையில ஏத்தலாம்."

நாச்சிமுத்து எழுந்து வந்தான். "ஊரே சிரிக்குது. இனிப் படி தாண்டுனீன்னா உங்கப்பன் ஊட்டுக்கே போயிரு."

இதைக் கேட்டால் அந்தக் காலத்தில் எப்பேர்ப்பட்டவளும் காலில் விழுவாள். சென்னியம்மாளுக்கும் பயமில்லாமல் இல்லை. ஆனால் மறுபடி அந்த விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"சரீங்க. நாலு மைலுதானுங்களே, ஓடியே போயிக்கறேன்."

நாச்சிமுத்து அவளையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அம்மாவைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பெண்டாட்டியிடம் சொன்னான்:

"நாளையிலருந்து விடியறதுக்கு முன்னால கருக்கல்லயே போயிட்டு வந்துரு. ஆரும் பாக்கமாட்டாங்க."

"ஒளிஞ்சு போறதுக்கு நான் என்ன தப்புங்க பண்ணுனேன்?"

சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லைத் தூக்கினாள். காட்டு வழியாகப் போயிருந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். அவள் ஊர் நடுத்தெருவில் திரும்பி, ஆம்பளைகள் கூடி உட்கார்ந்திருந்த சாவடிக்கு முன்னாலேயே ஓடினாள்.