பழைய ஏழு பிள்ளைகள்

தொழுநோய்க்காரர்களை அடைத்து வைத்திருந்த அந்தத் தென்கடல் தீவில், ஜப்பான்காரனின் போர் முற்ற முற்றச் செங்கல் சுமையும் ஏறிக்கொண்டே போனது. விரல் உள்ளவர்கள் மண் பிசைந்தார்கள். விரல் போனவர்கள் முதுகில் மரச்சட்டம் கட்டி, சூளையிலிருந்து படகுத்துறைக்குச் சுமந்தார்கள். வோல்சோனுக்கு விரல் போய் நான்கு வருடம்.

அவளுடைய அம்மா கரையோர ஊர்களில் சாமியாடியாக இருந்தவள். அவள் பாடிய கதைகள்தான் வோல்சோனுக்கு மிஞ்சியவை. சுமக்கும்போது கூட நடக்கும் பெண்களுக்குச் சொல்வாள். கேட்டுக்கொண்டே நடந்தால் துறை கிட்டத்தில் வந்துவிடுகிறது என்பார்கள். ஒரு சொல் பிசகினாலும் சாமி இறங்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். வோல்சோன் அதை நம்பினாள். அங்கே நம்புவதற்கு வேறொன்றும் இல்லை.

அன்று கடலரசன் கதை. புயலில் ஏழு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் கடலுக்குள் இறங்கிப்போய் அரசனிடமே நியாயம் கேட்கிறாள். மூன்று நாளாகச் சொல்லி, வோல்சோன் கதையின் கடைசிக்கு வந்திருந்தாள்.

"கடலரசன் வெக்கப்பட்டுப்போய், இந்தா புதுசா ஏழு புள்ளைங்கன்னு குடுத்தான். அவளும் சந்தோஷமா..."

பின்னால் செங்கல் சரிந்தது. சுமந்து வந்த ஒக்பூன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நோயில்லாத பிள்ளை என்று அவளுடைய மகனைப் பிரித்து வேலிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். போன மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அவள் அழவே இல்லை.

"பழைய ஏழும் என்னாச்சுக்கா?"

"அது கதையில இல்லடி."

"பேராவது?"

"இல்ல."

"அப்ப உன் சாமிக்குப் புள்ளையும் செங்கல்லும் ஒண்ணுதான். உடைஞ்சா வேற."

மேட்டிலிருந்து மேஸ்திரி கத்தினான். "மகாராணிக்குப் பல்லக்கு வரணுமோ?"

முந்தின நாள் இப்படி உட்கார்ந்த ஒருத்தியை அடித்தே கொன்றிருந்தார்கள். வோல்சோன் ஒக்பூன் பக்கம் திரும்பி வந்தாள். அம்மாவை நினைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"இருடி, கதை முடியல. அவ புதுப் புள்ளைங்கள வாங்கல. என் புள்ளைங்க பேரச் சொல்றேன், கூப்பிட்டு அனுப்புன்னா. மூத்தவன் பேரு... நீ சொல்லு."

மேஸ்திரி இறங்கி வரத் தொடங்கியிருந்தான்.

"தோல்ஸே," என்றாள் ஒக்பூன்.

"தோல்ஸே வந்து நின்னான். எந்திரி, அடுத்தது யாரு?"

முன்னால் நின்ற மால்யே திரும்பாமலே, "கன்னான், என் பொண்ணு," என்றாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி, அவளுக்கும் முன்னால் ஒருத்தி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மேஸ்திரி வந்துசேருமுன் செங்கல்லை அடுக்கி ஒக்பூனைத் தூக்கி நிறுத்தியபோது பதினொரு பெயர் ஆகியிருந்தது.

"ஏழுதானேக்கா?"

"கடலுக்குள்ள எண்ணவா முடியும்? நட."

ஒக்பூன் அழுதுகொண்டே நடந்தாள். மூக்கைத் துடைக்கக் கை எட்டவில்லை.

கதையை மாற்றிய பயம் வோல்சோனை விடவில்லை. சாமி இனி வராது என்றே இருந்தாள். விடிந்தது. அதே தண்ணீர்க் கஞ்சி. சூளை வாசலில் ஒக்பூன் சட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னிக்கு என்ன கதை?"

அந்தக் குளிர்காலம் மால்யேவையும் இன்னும் நான்கு பேரையும் கொண்டுபோனது. ஒக்பூன் பிழைத்துக்கிடந்தாள். வோல்சோனும் பிழைத்துக்கிடந்தாள், பார்வை மட்டும் போய்விட்டது. கண் தெரியாதவளைச் சுமக்கச் சொல்லவில்லை. சூளையோரம் உட்காரவைத்தார்கள். போகிற வருகிறவர்களுக்கு அங்கிருந்தபடியே கதை சொன்னாள்.