சோமோவின் கல்யாணக் கிழங்கு

துரோமாக் கொடியை நான் திட்டாத நாள் கிடையாது. தரையோடு தரையாக ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும், கோடையில் மஞ்சளாகப் பூத்து இளிக்கும். கிழங்கோ சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. உறைபனி இறங்கிய பிறகு தோண்டினால்தான் தித்திக்கும் என்று காத்திருந்து, இருபது நாள் ஒற்றை ஆளாகக் குந்தியிருந்து தோண்டினேன். பேச்சுத்துணைக்கு எங்கள் யாக் மாடுகள் மட்டும். அவற்றுக்கும் என் பேச்சு அலுத்துவிட்டது.

எல்லாம் தங்கை சோமோவின் கல்யாணத்துக்காக. அம்மா செத்தபோது அவளுக்கு மூன்று வயது. பேதியில் துவண்டு கிடந்தவளுக்கு இந்தக் கிழங்கை வேகவைத்து மசித்து ஊட்டியது நான்தான். மணப்பெண் புகுந்த வீட்டுக்குள் வந்ததும், சோற்றில் கிழங்கும் சர்க்கரையும் உருக்கிய வெண்ணெயும் கலந்து, பிறந்த வீட்டு ஆள் முதல் கிண்ணம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். அந்தக் கிண்ணத்தை நினைத்துத்தான் விரல் வெடித்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பட்டு அங்கியும் அம்மாவின் பவழமும் போட்டுக்கொண்டு, கிழங்கு மூட்டையோடு சாலையோரம் நின்றேன். கல்யாணத்துக்குக் கூட்டிப்போக வந்த எங்கள் ஊர்க் கோன்போ வண்டியை நிறுத்தி இறங்கினான்.

“அடேங்கப்பா! கல்யாணம் தங்கச்சிக்கா, உனக்கா?”

“உன் வாயில தீய வெக்க. மூட்டையப் பாத்துத் தூக்கு.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

“அக்கா, கெளம்பிட்டியா?” சோமோதான்.

“வண்டியில கால வெச்சாச்சுடி.”

“இரு, இரு. ஜோசியர் ஒண்ணு சொல்லிட்டாரு. புலி வருஷத்துல பொறந்தவங்க யாரும் நான் வீட்டுக்குள்ள போறப்ப எதிர்ல இருக்கக் கூடாதாம். மாமியார் ரொம்பப் பயப்படறாங்க. நீ புலிதானே?”

எங்கள் பக்கம் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பேர்; யார் எந்த மிருகம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இவள் பிறந்த வருஷம், மாசம், நாள், அன்றைக்குப் பனி கொட்டிய நேரம்வரை நான் சொல்வேன்.

“அக்கா? கோச்சுக்கிட்டியா? கிழங்க மட்டும் கோன்போ அண்ணங்கிட்டக் குடுத்தனுப்பு. மாமியாரோட தங்கச்சி நம்ம வீட்டு சார்பா கிண்ணம் குடுத்துருவாங்க.”

“ஆமாண்டி, புலிதான். நல்லா இரு.”

போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் அடக்கவில்லை.

கோன்போ மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றான். “யூட்ரோன், நீயும் நானும் ஒரே வருஷம். முயல்டி நாம. அவளுக்குப் போன் போட்டுச் சொல்லு.”

“நான் சொல்லியாடா அவளுக்குத் தெரியணும்? மூட்டைய ஏத்து. நனையாமக் கொண்டுபோய்ச் சேத்துரு.”