சுப்பாத்தாள் பார்த்த படம்

பிப்ரவரி 11, புதன். இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். லைவ் வீடியோவில் 720-க்குக் கீழே எந்தப் படத் தரமும் வைக்க மறந்துபோனேன். நெட் மெதுவாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு வெறும் வட்டம்தான் சுற்றியிருக்கிறது. அவர்கள் ஒரு பீஸ்கூட வாங்கவில்லை. முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்படி எழுதி வைத்த பிறகுதான் மதுமதிக்குத் தூக்கம் வந்தது. பகலில் காதர்பேட்டையில் கதிர்வேலின் பனியன் கடையில் வேலை. சாயங்காலம் வேலம்பாளையத்தில் வீடியோ வகுப்பு. வகுப்பில் சேர்த்துவிட்டதும் கதிர்வேல்தான். கடையில் கேமரா வைத்து லைவிலேயே பண்டல் பண்டலாக விற்பது அவருடைய புது வியாபாரம். நேரில் வர முடியாத சில்லறை வியாபாரிகள் போனில் பார்த்து ஆர்டர் போடுவார்கள்.

மறுநாள் 480, 240 இரண்டையும் சேர்த்தாள். இனி நெட் வேகம் குறைந்தால் படம் நிற்காது. தரம் மட்டும் தானாக இறங்கிக்கொள்ளும். லைவ் தொடங்குமுன், வகுப்பில் சொன்னபடி ஒரு பழைய போனில் வேகத்தைக் குறைத்து வைத்துச் சரிபார்த்தாள். கதிர்வேல் கைக்குக் கிடைத்த ஒரு டேமேஜ் பனியனைக் கேமராவுக்கு நேராக விரித்துப் பிடித்தார். கடை மானிட்டரில் தோள்பட்டையோரம் வரிசையாக நாலு ஓட்டை. 240-க்கு இறங்கிய போனில் ஓட்டையே இல்லை. பால் மாதிரி வெள்ளை. நம் கண்ணில்தான் கோளாறோ என்று போனைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு அவரிடமே காட்டினாள்.

கதிர்வேல் மானிட்டரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "பரவால்லியே அம்மிணி, நல்லாத்தான் படிச்சிருக்கற."

மாடியில் கிடந்த டேமேஜ் மூட்டைகளை இறக்கச் சொன்னார். லைவில் ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டி, "நல்லாப் பாத்து வாங்கிக்கோங்க, அப்பறம் ரிட்டன் கெடையாதுங்க" என்றார். வேகமான நெட் உள்ளவர்கள் கமுக்கமாக இருந்துகொண்டார்கள். மற்றவர்கள் வாங்கித் தீர்த்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மடத்துக்குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து சுப்பாத்தாள் மூட்டையோடு வந்து இறங்கினாள்.

"ஏனுங்க, பூராவும் ஓட்டைங்க. ஞாயித்துக்கெழமை சந்தைல மொதமொதலாக் கடை போடறனுங்க. மாத்திக் குடுத்தீங்கன்னா நாம்பாட்டுக்குப் போயிருவனுங்க."

"உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க" என்றார் கதிர்வேல். "லைவ்ல பாத்துத்தானுங்களே வாங்குனீங்க?"

"பாத்தனுங்க. ஓட்டை இல்லீங்களே!"

"அம்மிணி, அன்னிக்கு லைவ அக்காவுக்குப் போட்டுக் காட்டு."

மானிட்டரில் இருப்பதிலேயே உயர்ந்த தரமான 1080-ல் ஓடியது. விரித்த பனியன், நாலு ஓட்டை. ஓட்டை வழியாகக் கதிர்வேலின் மோதிரம்கூடத் தெரிந்தது.

"பாருங்கக்கா, மறைச்சனா?"

பண்டல் கட்டிக்கொண்டிருந்த முனீஸ் சிரித்தான். "அக்கா, அடுத்த தடவ கண்ணாடி மாட்டிட்டு லைவ் பாருங்க!"

சுப்பாத்தாள் எழுந்துபோய் மானிட்டரை விரலால் தடவிப் பார்த்தாள். மதுமதியிடம் திரும்பினாள். "ஏங் கண்ணு, நாம் பாத்தது இதுதானா?"

பழைய போன் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகாது. கதிர்வேல் சிரித்த முகமாகவே இருந்தார். "சொல்லு அம்மிணி. நாம என்ன வேற லைவா ஓட்டறோம்?"

"இதே லைவ்தானுங்க" என்றாள் மதுமதி.

"அப்ப எங் கண்ணுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது." சுப்பாத்தாள் மூட்டையை மறுபடி இறுக்கிக் கட்டினாள். வாசல்வரை போனவள் நின்றாள். "கண்ணு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண் டாக்டர் யாராச்சும் இருக்கறாங்களா?"

மதுமதி வழி சொன்னாள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிப்ரவரி 19, வியாழன். இன்று வேலையில் தப்பு எதுவும் இல்லை. என்றுதான் நினைக்கிறேன். சாயக்கறைப் பீஸ்களில் கறை 240-லும் லேசாகத் தெரிகிறதாம், முதலாளி சொன்னார். நாளை 240-க்குக் கீழே 144 சேர்க்க வேண்டும். லைவ் தொடங்குமுன் பழைய போனில் சரிபார்க்க வேண்டும்.