வடக்கே சூலம்

என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை இருந்தது இரண்டே விஷயங்களில்தான். ஒன்று பஞ்சாங்கம், இன்னொன்று அவருடைய சொந்தக் கை. மற்றவர் கை பட்ட எதையும் ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து பொங்கிப் போடும் என் கைக்கும் அதே மரியாதைதான்.

கல்கத்தாவில், பவானிபூர் ஜகு பாபு பஜாரை ஒட்டிய சந்தில் ‘வேலாயுதம் டிபன் ஸ்டால்’ எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். விடியுமுன் கடையைத் திறப்பவர் அவர். பூட்டுபவரும் அவர். சாவிக்கொத்து அரைஞாண் கயிற்றில் தொங்கும். தூக்கத்திலும் கழற்ற மாட்டார். தூக்கம் என்று நான் சொல்வது ஒரு பேச்சுக்கு. படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “உளுந்து ஊறியிருக்குமா நாகு?” என்பார். காலில் நரம்பு சுருண்டு சுருண்டு கிடந்தது. நிற்பது அதிகம், தூக்கம் போதாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு நேரே கடைக்குப் போய் நின்றார்.

கடையில் சரக்கு மாஸ்டர் மாரியப்பன். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரன். வாலிபனாக எங்களிடம் வந்து சேர்ந்தவன், இப்போது குடும்பஸ்தன். அவன் போடும் வடையை இவரே இன்னொன்று கேட்டு வாங்கித் தின்பார். “சாவிய அவன்ட்ட குடுத்துட்டு நீங்க வெளுத்த பெறகு வந்தா ஆகாதா?” என்று நான் கேட்காத மாசம் கிடையாது. “அவன் கெட்டிக்காரன்தான். ஆனா போர்டுல இருக்கது என் பேருல்லா” என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

துர்காபூர் உருக்காலையில் இன்ஜினியராக இருக்கும் எங்கள் மகன் வாஞ்சிநாதன் அப்பாவை நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். எண்பத்தைந்தாம் வருஷம் தை மாசம் எங்கள் கல்யாணம் நடந்து முப்பது வருஷம் முடிந்தது. அந்தமானில் கடலைப் பார்த்த பெரிய ஓட்டல் ஒன்றுக்கும், போக வர விமானத்துக்கும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, “போகலைன்னா திரும்பத் தரமாட்டான்ப்பா” என்று மட்டும் சொன்னான். இவர் சில நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கடைக் கதவில் ‘விடுமுறை’ என்று எழுதி ஒட்டினார். நாள் கணக்கில் கடையை மூடிப் போட்டாலும் போடுவாரே தவிர, சாவியை மாரியப்பனிடம் கொடுக்க மனசு வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை நானே கட்டினேன், அவரை எதையும் தொட விடவில்லை.

அந்த ஓட்டலைப் பற்றி என்ன சொல்ல? தென்னந்தோப்புக்குள் தனித்தனிக் குடில்கள். ஆளுக்கு மூன்று தலையணை. வாசலில் இறங்கினால் மணல், மணல் தாண்டினால் கண்ணாடி மாதிரி தண்ணீர். இளநீரைச் சீவிக் குழாய் போட்டுத் தட்டில் வைத்து நீட்டுகிறவன் நம்மைப் பார்த்துக் குனிகிறான். முதல் நாள் இவர் அவனைப் பார்த்துத் திரும்பக் குனிந்தார். இரண்டாம் நாள் அடுப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காலை பலகாரத்தில் இட்லி வைத்திருந்தார்கள். அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. சாப்பிட்டுவிட்டுத் தாழ்வாரத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயில் காலடியிலிருந்து நகர்ந்து தென்னை மரத்துக்குப் பின்னால் போகும் வரை எழவில்லை, உளுந்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. இந்தத் தூக்கத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். ஓட்டலையும் கடலையும் விட்டுவிடலாம், இது ஒன்று போதும்.

ஊர் திரும்ப வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. அதை வாஞ்சி கவனிக்கவில்லை, இவர் கவனித்துவிட்டார். செவ்வாய், புதன் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. கல்கத்தாவோ அந்தமானுக்கு வடக்கே. “பால் குடிச்சிட்டுக் கெளம்புனா சூலத்துக்குப் பரிகாரம்தானே” என்றேன். “இங்க இருக்கது பால்பவுடரு. அது கணக்குல சேராது” என்றார். கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவானது. அதாவது, முதல் நாளே நல்ல நேரத்தில், நம் சாமான் ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அதைத் திரும்பித் தொடக் கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது. ஏனோதானோவென்று ஒரு துண்டை வைத்தால் பலிக்காது, அது இல்லாமல் நமக்கு முடியாது என்கிற பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதனால் அவர் இடுப்பை விட்டு இறங்காத சாவிக்கொத்து இறங்கியது. வீட்டுச் சாவி, கடைச் சாவி இரண்டும் அதில்தான். கடை பெயரும் விலாசமும் வங்காளியில் அச்சடித்த மஞ்சள் பையில் அதைப் போட்டு, திங்கட்கிழமை ராகுகாலம் பிறக்குமுன் வடக்குப் பக்கத்துக் குடிலுக்குக் கொண்டுபோனார். அங்கே தங்கியிருந்தவர் ஷியாம்பஜாரைச் சேர்ந்த கோஷால் பாபு, பேங்க் அதிகாரி. அவரும் மனைவியும் எங்கள் விமானத்தில்தான் திரும்புவதாக இருந்தார்கள். “நாளைக்கு வாங்கிக்கறேன் தாதா” என்று வங்காளியில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டு, என்னைப் படகில் பவளப்பாறை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாய்ந்துதான் திரும்பினோம். பக்கத்துக் குடிலில் விளக்கு எரியவில்லை. பரஸ்தானம் வைத்ததைப் போய்ப் பார்க்கக் கூடாதே, அதனால் அந்தத் திசையில் அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

செவ்வாய் காலையில் பை வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்தார். விடுமுறைக் கூட்டத்துக்காகத் திங்கட்கிழமை கூடுதலாக ஒரு விமானம் விட்டிருக்கிறார்கள். அதில் இடம் கிடைத்து கோஷால் தம்பதி முதல் நாளே போய்விட்டார்கள். எங்களை எங்கெங்கோ தேடிவிட்டு ஓட்டல் கவுண்டரில் தகவல் விட்டிருந்தார்கள்: சாவியைக் கவுண்டரில் விட மனசில்லை, பையில் விலாசம் இருக்கிறது, நாங்களே கடையில் சேர்த்துவிடுகிறோம், பௌதியை, அதாவது அண்ணியை, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பௌதி கவலைப்படவில்லை. தாதாதான் பட்டார்.

விமானத்தில் எனக்கு ஜன்னலோரம். கீழே கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது, சின்னச் சின்னத் தீவுகளைச் சுற்றி வெள்ளைக் கரை. அதைப் பார்க்கச் சொன்னால் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கடை பூட்டிக் கெடக்கும். அந்த மனுஷன் யார்ட்ட குடுத்திருப்பாரு?”

“மாரியப்பன்ட்டதான் போயிருக்கும். அவன்தான் பின் சந்துலயே இருக்கானே.”

“அதான் சொல்லுதேன்.”

“அவன் என்ன, கடையத் தூக்கிட்டா ஓடப் போறான்?”

“ஓட மாட்டான். தொறப்பான்.”

திறப்பதைத் திருட்டு மாதிரிச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். முன் சீட்டு, பின் சீட்டு என்று பார்க்கவில்லை. “இந்தா பாருங்க. அன்னைக்கு நீங்க தாழ்வாரத்துல தூங்குனத நான் உக்காந்து பாத்தேன். எனக்குப் பட்டுப்புடவை வேண்டாம், இன்னொரு தடவ அந்தமானும் வேண்டாம். நீங்க அப்படித் தூங்கணும், அவ்வளவுதான். இல்லன்னா ஒரு நாள் அடுப்பு முன்னாலயே விழுந்துருவீங்க. எனக்குப் பயமா இருக்கு” என்றேன். பயம் என்ற சொல்லை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அவர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, “போர்டுல என் பேருல்லா நாகு” என்றார், முன்னைப்போல அடித்துச் சொல்லாமல். பிறகு விமானப் பணிப்பெண் கொடுத்த கேக்கைத் தின்றார். என் பங்கையும் தின்றார். கவலை வந்தால் அவருக்குப் பசிக்கும்.

டம்டமில் இறங்கியபோது நல்ல வெயிலும் மெல்லிய குளிரும் சேர்ந்து இருந்தன. வீட்டுச் சாவியும் அந்தக் கொத்தில்தானே இருக்கிறது, அதனால் பெட்டியோடு நேரே கடைக்கே டாக்சியை விடச் சொன்னோம். மெட்ரோவுக்காகத் தோண்டிய மண் மேடுகளைச் சுற்றிச் சுற்றி டாக்சி போனது. சந்து முனையில் இறங்கும்போதே எனக்குச் சாம்பார் வாசனை வந்துவிட்டது.

கடை திறந்திருந்தது. ஆபீஸ் பாபுக்கள் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மாரியப்பன் தோசைக் கல்லை விட்டு ஓடி வந்தான். நெற்றியில் திருநீறு, தோளில் புதுத் துண்டு. அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. சாவி நேத்து மதியமே வந்துட்டு. அந்த வங்காளி ஐயா கொண்டாந்து குடுத்தாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அண்ணாச்சி அங்க இருந்தே சாவியக் குடுத்து வுட்டுருக்காகளே, என்னை நம்பித் தொறக்கச் சொல்லுதாகளேன்னு வீட்டுல இவகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.”

பாவி, அப்படியா நினைத்துக்கொண்டான். இவர் வாயைத் திறந்து, அது பரஸ்தானத்துக்கு வைத்த சாவியடா, உனக்கு யாரும் அனுப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் செத்துப் போகும். நான் ஆசைப்பட்டதும் அதோடு போகும். இவர் சொல்லக்கூடியவர்தான். உண்மையை மூஞ்சிக்கு நேரே சொல்வதில் இவருக்கு ஒரு பெருமை உண்டு. நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் மாரியப்பனைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். பிறகு, “மாவு பொங்கிச்சா?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி. நேத்து மதியந்தானே ஊறப் போட்டேன், ராத்திரி ஒரே குளிரு. சாக்குப் போட்டு மூடியும் காலையில பொங்கல. இட்லி இல்லன்னு சொல்லிட்டேன். வெண்பொங்கலும் பூரியும்தான் போட்டேன். இப்பத்தான் மாவு தோசைக்கு வந்திருக்கு.”

“இட்லி கேட்டு வந்தவங்க?”

“நெறைய பேரு வந்தாங்க. நாளைக்கு வாங்கன்னுட்டேன். கல்லு மாதிரி இட்லியக் குடுத்தா அண்ணாச்சி பேருல்லா கெடும்.”

இவர் தலையை ஆட்டினார். எந்தக் கையையும் நம்பாத மனுஷன் அந்தத் தலையாட்டலில் எத்தனை தூரம் இறங்கி வந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். கல்லாப்பெட்டிப் பக்கம் போகவில்லை. அடுப்படிக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. ஓரத்து மேஜையில் இடம் காலியானதும் போய் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பொங்கல் மிச்சம் இருக்கா?”

இருந்தது. இலையில் வைத்துக் கொடுத்தான் மாரியப்பன். கொடுத்துவிட்டுப் பரீட்சை எழுதியவன் மாதிரி நின்றான். இவர் முறைத்துப் பார்க்காமல் நேரே எடுத்து வாயில் போட்டார். “மிளகு தூக்கல்” என்றார். பிறகு இன்னொரு கரண்டி போடச் சொன்னார். எனக்கும் ஒரு இலை போட்டான். மிளகு சரியாகத்தான் இருந்தது.

கை கழுவிவிட்டு வந்ததும் மாரியப்பன் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் நீட்டினான். இவர் அதிலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்தார். கடைச் சாவியை அவன் கையிலேயே விட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “நாளைக்கும் நீயே தொறந்துரு. எனக்கு இந்த ஃப்ளைட்ல வந்தது ஒரே அலுப்பா இருக்கு.”

இரண்டு மணி நேரப் பயணம். மெத்தை வைத்த நாற்காலி. இரண்டு கேக். ஆனாலும் நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், “ஆமா, ஃப்ளைட்டு ரொம்ப அலுப்பு” என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“எத்தன நாளைக்கு அண்ணாச்சி?” என்று கேட்டான் மாரியப்பன்.

“அலுப்பு தீர வேண்டாமாலே?” என்று அதட்டிவிட்டு வெளியே நடந்தார்.

அதற்குப் பிறகு மெட்ரோ ரயில் டாலிகஞ்ச் வரை போய்விட்டது. வாஞ்சிக்குக் கல்யாணமாகிவிட்டது. கடையில் பக்கத்து அறையையும் எடுத்து மேஜை போட்டிருக்கிறோம். இதோ, வெயில் ஏறிவிட்டது. உள்ளே வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குகிறார். அன்றைக்குப் பறந்து வந்த அலுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை.