பன்னிரண்டு நாள் மிச்சம்

குளிர்பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பாண்டிச்செல்வி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கண்ணாடிக்குள் அவளுடைய அப்பா வேலன் கிடந்தார். நேற்றுக் காலை ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கார்ப்பரேஷன் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர், ஒரு மொத்தக்கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நேற்றிலிருந்து ஓடிய பெட்டி இன்று விடிந்ததும் உறுமி உறுமி நின்றுபோயிற்று. வாடகைக்கு விட்டவனுக்குப் போன் போட்டால், பள்ளுருத்தியில் இன்னொரு சாவு வீட்டில் இருக்கிறேன், மதியம் வருகிறேன் என்கிறான். சுடுகாட்டு வண்டி பத்து மணிக்குத்தான் வரும். மே மாதப் புழுக்கத்தில் அதுவரைக்கும் எப்படித் தாங்கும்?

"ஸ்க்ரூ டிரைவர வச்சுக் குடையற நேரமாடி இது?" என்றாள் பக்கத்து வீட்டு மூக்கம்மாள். "பெத்த அப்பன் கெடக்காரு. புள்ள கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோம்."

வாயில் டார்ச் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இல்லையென்றால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள் மூக்கம்மாள். வீங்கிப் போயிருந்த கெப்பாசிட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் வேலைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள் பாண்டிச்செல்வி. பிளக்கைச் சொருகியதும் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவள் மனசு ஒரு நொடி குளிர்ந்தது. இந்த நேரத்திலா என்று உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மாமா இசக்கிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி, அவரும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலைதான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"மக்களே, உன் ஆதார் கார்டு எங்க இருக்கு? எஸ்.எஸ்.எல்.சி. புக்கையும் எடு."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? அப்பா வேலைக்குத்தான். சர்வீஸ்ல இருக்கும்போது போனா வீட்டுல ஒருத்தருக்கு வேல உண்டுல்லா. அக்காவுக்கு முட்டு தேஞ்சு போச்சு, அதால ஆகாது. நீதான் இருக்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்திய குரலிலும் பூரிப்பு அடங்கவில்லை. "புண்ணியவான் உங்கப்பா. ரிட்டையர் ஆக இன்னும் பன்னெண்டே நாளு. அது கழிஞ்சு போயிருந்தா நமக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது."

பாண்டிச்செல்விக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. புண்ணியமாம்! காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுத கையோடு இதைத்தான் சொன்னார்கள். நல்ல நேரம் பார்த்துப் போனார், பிள்ளையைக் கரையேற்றிவிட்டுப் போனார் என்று. கேட்பவருக்கு, மனுஷன் ஏதோ ரயில் பிடிக்கத்தான் போயிருக்கிறார் என்று தோன்றும்.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. தோப்பும்படியில், பிஜு சேட்டனின் பட்டறையில், மீன்பிடிப் படகுகளின் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றுகிறாள். ஐ.டி.ஐ. முடித்துப் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் மாதம் படகுக்காரர்கள் அவளைத் தாண்டிப் போய் சேட்டனிடம்தான் பேசினார்கள். இப்போது மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "செல்வி இல்லே?" என்றுதான் கேட்கிறார்கள். கூட்டத்தில் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். கம்பியும் அவளுமாக ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டு நேரம் கூடத் தெரியாது. வேறு எந்த வேலையும் தனக்கு இப்படிப் பொருந்தாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் வீட்டில் அதைச் சொன்னதில்லை. கொச்சங்காடியின் இந்தத் தமிழ்ச் சந்தில் யாரும் சொல்வதில்லை. தன் வேலையைத் தானே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும், உள்ளதும் போய்விடும் என்று இங்கே ஒரு பயம். அதனால் வேலை முடிந்து வாசல்படி ஏறும்போதே புலம்பல் தொடங்கிவிட வேண்டும். ஓட்டலில் தோசை போடுகிறவன் இடுப்பு போச்சு என்பான், சரக்குக் கிட்டங்கியில் சுக்குப் புடைக்கிறவள் மூச்சு முட்டுகிறது என்பாள். பாண்டிச்செல்வியும் தன் பங்குக்கு, கை எரிகிறது, சேட்டன் உயிரை எடுக்கிறான் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். அப்பா சாயாவை ஊதிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் மாமா."

இசக்கிமுத்து அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, வாசலில் நாற்காலியில் இருந்த ராமபத்ரனைக் கூப்பிட்டார். யூனியன்காரர். மலையாளிதான், ஆனால் இந்தச் சந்தில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர்.

"மோளே, இன்னைக்கே வேணும்னு நிர்பந்தம் ஒண்ணும் இல்ல, டைம் உண்டு," என்றார் ராமபத்ரன். "பக்ஷே வேலன் சேட்டனுக்கு இது வலிய ஆசை. மார்ச்சுல என்னைப் பாக்க வந்தாரு. ரிட்டையர் ஆகறதுக்கு மொத நாள் போனாலும் பிள்ளைக்கு வேல கிடைக்குமான்னு கேட்டாரு. கிடைக்கும்னு சொன்னேன். ஆப்பரேஷன ஜூனுக்கு மாத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"என்ன ஆப்பரேஷன்?"

ராமபத்ரன் இசக்கிமுத்துவைப் பார்த்தார். இசக்கிமுத்து கவரைப் பார்த்தார். பாண்டிச்செல்வி நேரே போய், பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பாவுக்கு என்ன ஆப்பரேஷன்?"

கற்பகம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டுவலியில் அவளால் நிற்க முடியாது. ஆனாலும் உட்காரவில்லை.

"நெஞ்சுல மூணு அடைப்பு. ஒடனே செய்யணும்னாங்க. உங்கப்பாதான், ரிட்டையர் ஆன மறுநாள் படுத்துக்கிறேன், அதுவரைக்கும் பேசாதன்னாரு. நடுவுல போயிட்டா அவளுக்கு வேல, போகலேன்னா எனக்கு உசுரு, எது நடந்தாலும் நமக்கு லாபந்தானன்னு சிரிச்சாரு."

"நீ கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன செய்ய?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். தூக்கிக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சிருப்பேன். யாரு கேட்டா இந்த வேலய? நான் கேட்டேனா?"

"கேக்கல," என்றாள் கற்பகம். "ஆனா ஏழு வருஷமா தெனம் வந்து, கை எரியுது, அவன் உயிர எடுக்கான்னு சொன்னது யாரு? அந்த மனுஷன் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாரு. இந்தப் புள்ளய அந்தப் பட்டறையிலேருந்து எறக்கணும்னு எத்தன நாள் சொல்லியிருக்காரு தெரியுமா?"

"அது எல்லாரும் சொல்றதும்மா. அதப் போயி நெசம்னு நெனப்பாங்களா?"

"பெத்தவன் பின்ன என்னன்னு நெனப்பான்?"

பாண்டிச்செல்விக்குக் கோபம்தான் வந்தது.

"அவருந்தான தெனம் வந்து, நாத்தம் தாங்கல, நாய்ப் பொழப்புன்னு சொல்லுவாரு. அந்த நாய்ப் பொழப்ப எனக்கு வாங்கித் தரத்தான் செத்தாரா?"

"அது சொல்றதுதான்டி," என்றாள் கற்பகம். "நாலு மணிக்கு எந்திரிச்சு, முடி சீவி, சட்டைய நீவி விட்டுக்கிட்டுப் போவாரே, நீ என்னைக்காவது முழிச்சிருந்து பாத்திருக்கியா? தெரு முழுசும் பெருக்கி முடிச்சா திரும்பி நின்னு ஒரு தடவ பாத்துட்டுத்தான் வருவேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுவாரு. அவருக்கு அது பிடிச்ச வேல. அதான் உனக்கும்னு நெனச்சாரு."

பத்து மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்தது. பெட்டியைத் திறந்து, வேலனைப் பாயில் இறக்கினார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் இசக்கிமுத்து மறுபடி வந்துவிட்டார். இப்போது கவரிலிருந்து தாளே வெளியே வந்திருந்தது.

"மச்சான் காலடியில வச்சு ஒரு கையெழுத்துப் போட்டுரு மக்களே. கண்குளிரப் போவாரு. அந்த ஒரு எண்ணத்துலதான இருந்தாரு."

பேனாவை அவள் கையில் திணித்தார். சந்தே வாசலில் நின்று பார்த்தது. பாண்டிச்செல்வி பேனாவைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் முகத்தருகே குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து மூக்கம்மாள் முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்கு மோட்டார் வேல பிடிக்கும்," என்றாள் பாண்டிச்செல்வி. சத்தமாகத்தான் சொன்னாள், சண்டைக்குப் போகிறவள் போல. "ரொம்பப் பிடிக்கும். நல்லா செய்வேன். தோப்பும்படியில வந்து கேட்டிருந்தா எல்லாரும் சொல்லியிருப்பாங்க. நீங்க கேக்கல. இந்த வேல எனக்கு வேண்டாம்."

இப்படித் தன் வாயாலேயே, அதுவும் பிணத்துக்கு முன்னால் வைத்து, யாராவது சொல்வார்களா? கற்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அவரு செத்தது வீணாடி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான், எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"ஆமாம்மா. வீண்தான்."

இசக்கிமுத்து கையை ஓங்கிவிட்டார். ராமபத்ரன் அவர் தோளைப் பிடித்து, தாளை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "எடுங்க, நேரமாச்சு," என்றார். தூக்கினார்கள். வண்டி அந்தக் குறுகலான சந்தில் முன்னும் பின்னுமாக நாலு தடவை திரும்ப முயன்றுவிட்டு, கடைசியில் பின்பக்கமாகவே வெளியே போயிற்று.

ஆண்கள் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கொல்லையில், நீலத் தார்ப்பாய் மறைப்புக்குள், ஒவ்வொருத்தராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு போனார்கள். மூக்கம்மாள் அவளைப் பார்க்காமலே முதுகைத் திருப்பிக்கொண்டு போனாள். கடைசியில் அம்மாவும் மகளும்தான் மிச்சம். பாண்டிச்செல்வி துவைக்கிற கல்லில் குந்தியிருந்தாள். கற்பகம் வாளியிலிருந்து மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். நாலாவது கப்பை ஊற்றாமல் கையில் பிடித்துக்கொண்டே கற்பகம் கேட்டாள்:

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

கேள்வியில் கோபம் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

பாண்டிச்செல்வி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "எரிஞ்சு போன மோட்டார் வரும்," என்றாள். "உள்ள இருக்கிற பழைய கம்பியெல்லாம் உருவி எடுக்கணும். எத்தன சுத்துன்னு எண்ணிக்கணும். ஒண்ணு கூடக்கூடாது, கொறையக்கூடாது. அப்புறம் புதுசா சுத்தி, காகிதம் வச்சு, நூலால கட்டி..."

குரல் அறுந்தது. கற்பகம் காத்திருந்தாள்.

"கட்டி?" என்றாள்.

"வார்னிஷ் ஊத்திக் காய வைக்கணும்மா. மறுநாள் கரண்ட் குடுத்தா ஓடும்."

கற்பகம் தண்ணீரை அவள் தலையில் ஊற்றிவிட்டு, அடுத்த கப்பை மொண்டாள்.