டோக்கன் அக்காவின் உள்ளிரைச்சல்

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளுக்கு மனசுக்குள் ஓடுவதெல்லாம் வெளியே கேட்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில். எல்லோரும் நற்கருணை வாங்கிவிட்டு முழந்தாளிட்டுக் கண்ணை மூடியிருந்த நேரம். பீடத்து மின்விசிறி சுற்றும் சத்தம்கூடக் கேட்கிற அந்த அமைதியில், இடதுபக்கம் நாலாவது பெஞ்சில் அவள் இருந்த இடத்திலிருந்து, "வந்து இத்தனை வருஷமாச்சு, என்னத்தக் கிழிச்ச?" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. அது அவளுடைய மாமியாரின் குரல். கோயிலே மாமியாரைத் திரும்பிப் பார்த்தது. நாக்கில் அப்பம் கரையாமல் வாயை இறுக மூடியிருந்த அந்த அம்மாள், நான் பேசலை என்று கைச்சைகையால் ஊருக்கே சொல்லவேண்டியதாயிற்று. அதற்குள், "முதுகை நிமிர்த்தி உட்கார்" என்று, எப்போதோ பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரியின் குரல் வந்தது. முன்பெஞ்சில் இருந்த பாதிப்பேர் முழந்தாளிலிருந்து எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சின்ன ரேடியோ போலக் கேட்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், தன் குரலே நடுக்கூடத்தில் "சாவி எங்கே? சட்டை எங்கே?" என்று கத்துவதைக் கேட்டு, தான் இவ்வளவு கத்துகிறவனா என்று முதல் வாரம் வருத்தப்பட்டான்; இரண்டாம் வாரம் பழகிவிட்டான். மாமியாருக்குத்தான் தாங்கவில்லை. சந்தைக்குப் போனால், உங்க மருமகள் மண்டைக்குள்ளே நீங்கதான் அதிகமாப் பேசுறீங்களாமே என்று விசாரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இங்கே உலைமூடி வேண்டியிருந்ததே வேறு இடத்துக்கு. டோக்கன் அக்காவுக்கு இதில் ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். இத்தனை குரல் வந்ததே, மாமியார், புருஷன், கன்னியாஸ்திரி, டாக்டர், செத்துப்போன அம்மா என்று, அதில் ஒன்றுகூட அவள் குரல் இல்லை.

குணமளிக்கும் கூட்டம் நடத்த வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தபோது மாமியாரே கையைப் பிடித்து அவளை முதல் வரிசைக்கு இழுத்துப் போனாள். பிரசங்கியார் அவள் தலையில் கைவைத்து, மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டதுபோல், "வெளியே போ" என்று முழங்கினார். குரல்கள் எதுவும் போகவில்லை. பிரசங்கியாரின் குரலும் புதிதாக உள்ளே குடியேறியது. மறுநாள் கிளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளிகளைப் பார்த்து அது "வெளியே போ" என்றது. பயந்து எழுந்து போனவர்களில் ஒருவருக்கு அன்றைக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. அவர் திரும்பி வரவேயில்லை. இது இப்படியே போனால் வேற ஆள்தான் பார்க்கணும் என்று டாக்டர் சொன்னார். அவர் அதை வாயால் சொல்வதற்கு முன்பே அவர் குரல் அவளுக்குள்ளிருந்து சொல்லிவிட்டது.

பங்குச்சாமியார் நல்ல மனுஷர். ஆனால் பிரசங்கத்தில் பிரியமுள்ளவர். தன் பிரசங்கத்துக்கு நடுவே இன்னொரு பிரசங்கி "வெளியே போ" என்பதை அவரால் எத்தனை ஞாயிறுதான் பொறுக்க முடியும்? பூசை நேரத்தில் வேண்டாம், மத்தியானம் கோயில் சும்மாதான் கிடக்கும், அப்போது வந்து நற்கருணைப் பேழைக்கு முன்னால் உட்காரு என்று சொல்லி அனுப்பினார். அதில் ஞானம் எதுவும் இருந்ததாக அவரே பிற்பாடு சொல்லிக்கொண்டதில்லை.

அவள் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தாள். முதலில் ஒவ்வொரு குரலுக்கும் பதில் சொல்லிப் பார்த்தாள். உப்பு சரியாத்தான் போட்டேன், சாவி ஆணியிலேதான் தொங்குது, முதுகு வலிக்குது சிஸ்டர். ஒரு நாள் அலுத்துப்போய், "ஆண்டவரே, எனக்கு முடியல. இவங்களை நீரே கவனிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் எந்தக் குரலும் எவ்வளவு நேரம் பேசும்? முதலில் கன்னியாஸ்திரி போனார். இடுப்பு ஜெபமாலை சலசலக்க அவர் நடுவழியாக நடந்து போனது, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த சாமியாருக்கே கேட்டது. பிரசங்கியார் தாமே வெளியே போனார். டாக்டர் போனார், புருஷன் போனான், மாமியார் மட்டும் வாசல்வரை போய் இரண்டுதடவை திரும்பி வந்துவிட்டுப் போனாள்.

கடைசியாக நின்றது அம்மாவின் குரல். சத்தமாச் சிரிக்காதே, மெதுவா நட என்று திட்டுகிற குரல்தான். ஆனால் அம்மாவில் மிச்சமிருந்ததே அது ஒன்றுதான். அவளுக்கு அழுகை வந்தது. "நீ மட்டும் இரும்மா. திட்டிக்கிட்டாவது இரு" என்றாள்.

"எத்தனை நாளைக்குடி உன்னையே திட்டிக்கிட்டு இருக்கிறது? எனக்கும் அலுத்துப்போச்சு" என்றது குரல். பக்கவாட்டுக் கதவு மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது.

பழகிய இரைச்சல் நின்றதில் சாமியாருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. செருப்பில்லாமல் ஓடிவந்தார். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே யாருமே இல்ல ஃபாதர்," என்றாள். "நான்கூட இல்ல."

சாமியார் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பேழை விளக்கு அசையாமல் எரிந்தது. வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்து, நின்று, போயிற்று. நெடுநேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு சின்னக் குரல், இருவரும் இதுவரை கேட்டிராத குரல், "பசிக்குது" என்றது.

"யாரும்மா அது?" என்றார் சாமியார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான்தான் போல இருக்கு ஃபாதர்."

நேரே வீட்டுக்குப் போய், இரண்டு முட்டையைப் பொரித்து, ரொட்டியோடு மேஜையில் உட்கார்ந்து, யாருக்கும் எடுத்துவைக்காமல், யாரையும் கூப்பிடாமல் சாப்பிட்டாள். வாசலில் நின்று பார்த்தாள் மாமியார். இன்னைக்கு என்ன புதுசா முதல்ல சாப்பிடுறே என்று மட்டும் கேட்டாள். "பசிச்சுது அத்தை," என்று மருமகள் சொன்னாள். அதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லாததால் மாமியாரும் எதிரே உட்கார்ந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குள்ளிருந்து வெளியே வந்தது அமைதிதான். அவள் இருக்கும் அறையில் பேசுவது கேட்கும், கதவு அறைந்தாலும் சத்தம் வராது; அழுகிற குழந்தை வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். பல் குடையும் மிஷின் பக்கத்தில் அவள் நின்றால் அது சுற்றுவது தெரியும், கேட்காது. நோயாளிகள் அந்த அமைதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் வேறு ஆள் பார்க்கும் பேச்சை விட்டுவிட்டு அவளுக்கு நல்ல நாற்காலி வாங்கிப்போட்டார். புருஷன் சாவியைத் தானே தேட ஆரம்பித்தான். மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்த இரண்டு குருக்களும் அரைமணி நேரம் அவள் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, கொண்டுவந்த கேள்விகளைக் கேட்காமலே போனார்கள். மழை வரும், வெயில் வரும் என்பதுபோல ஊரும் இதை ஏற்றுக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை தோறும் பங்குச்சாமியார் கிளினிக்குக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒருதடவை டாக்டரே வெளியே வந்து, உங்க பல்லு எல்லாம் கல்லு மாதிரி இருக்கே ஃபாதர் என்றார்.

"அதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்," என்றார் சாமியார், டோக்கனை வாங்கிக்கொண்டே. "முன்னாடி இருக்கிறவங்க எல்லாரும் போகட்டும். நான் கடைசியாவே வர்றேன்."