பேச வைத்தவள்

குழந்தையை முன்னால் நிறுத்தி, "என்ன வருத்தம், சொல்லு" என்று கேட்கிற ஆசிரியர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அப்படிக் கேட்டால் யார் சொல்வார்கள்? பக்கத்தில் குந்தி, கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் தமிழ்ப் பள்ளித் திடலைக் கொத்தி மரவள்ளி போடச் சொன்னான். களை பிடுங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான், பசியோடு வந்தவளும் தூக்கத்தில் அலறுகிறவளும் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

பேசாதவள் சுலைஹா ஒருத்திதான். ஒன்பது வயது. டிசம்பரில் பாசாரில், சந்தைக் கூட்டத்தின் மேல், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அம்மா போய்விட்டாள், இவளுக்குப் பேச்சு போய்விட்டது. எட்டு மாதம் அவள் பக்கத்திலேயே குந்திக் களை பிடுங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்: "டீச்சர், அத்தா அரிசி டின்னுல ரேடியோ வச்சிருக்காரு. வெள்ளைக்காரன் பேசுறான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படித்தாம்மா! மனசுல உள்ளத யார்கிட்ட வேணும்னாலும் பயப்படாம சொல்லு" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் சொன்னது என்ன என்பது பள்ளி விட்ட பிறகுதான் உறைத்தது. அறிவுகெட்டவள் நான். ரேடியோ வைத்திருந்தவர்களை ராணுவப் போலீஸ் கெம்பெத்தாய் இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து ஒருவரும் திரும்பவில்லை.

டத்தோ கிராமாட் சாலையில் இருந்த அவள் அப்பா யூசுப்பின் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன். அந்த மனிதர் ரேடியோவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

"பேசுனாளா? எம்புள்ள பேசுனாளா டீச்சர்?" என்று அழுதார். வெள்ளிக்கிழமை மச்சானின் சம்பான் படகு வரும், பெட்டியைக் கடலில் போட்டுவிடுகிறேன் என்றார்.

வியாழக்கிழமையே ராமதாஸ் வந்துவிட்டான். கெம்பெத்தாயின் மொழிபெயர்ப்பாளன். போன மாதம் வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வாரமே என் வகுப்பில் இருந்த நூர்ஜானின் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். இந்தத் தடவை மிட்டாய் இல்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சுலைஹாவின் பக்கத்தில் குந்திக் களை பிடுங்க ஆரம்பித்தான். நான் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான்.

"வீட்ல அத்தா ராத்திரி என்னா செய்வாரு பாப்பா?" என்றான், மெதுவாக.

சுலைஹா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் மெச்சிக்கொள்வேன் என்று நினைத்தாள்.

"அத்தா அரிசி டின்னுல..."

ஓங்கி அறைந்தேன். மண்ணில் போய் விழுந்தாள்.

"பொய்! வாயத் தொறந்தா பொய்! அரிசி டின்னுல பேய் இருக்காம், ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுது சனியன். குண்டு விழுந்ததுல மூள கொழம்பிருச்சு சார்."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ராமதாஸ் கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "சின்னப் புள்ளைய இப்படியா அடிக்கிறது? அடுத்த வியாழனும் வர்றேன் டீச்சர்."

அன்று மாலையே யூசுப்பிடம் போய்ச் சொன்னேன். ரேடியோவை உடைத்துக் கக்கூஸ் குழியில் போட்டார். விடியலில் கெம்பெத்தாய் ஆட்கள் வந்து டின்னைக் கவிழ்த்தபோது அரிசிதான் கொட்டியது.

சுலைஹா அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. வியாழன் தவறாமல் ராமதாஸ் வந்தான், அவள் பக்கத்திலேயே குந்தினான்.

ஒரு மாதம் கழித்து யூசுப் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க அடிச்சது எங்க உசிரக் காப்பாத்தத்தான் டீச்சர், எனக்குத் தெரியும். ஒரு தடவ பேச வச்சீங்க. இன்னொரு தடவ வைங்க."

உடனே அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை.

"இப்ப வேணாம் பாய்" என்றேன். "பேசாமலே இருக்கட்டும்."

சுலைஹா எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றிருந்தாள். நல்ல பிள்ளையாக, சரி என்று தலையாட்டினாள்.